சிறு சொற்களின் பெரும் பணி: ஆங்கிலக் கட்டுரையில் இணைப்புச் சொற்கள்

எமது பாடசாலைக்கு வருகின்ற மாணவர்கள் தாம் வார நாள்களில் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை இடையிடையே எம்மிடம் காட்டுவதுண்டு. சொல்வளம் இருக்கும், எழுத்துப் பிழைகள் அரிதாகவே இருக்கும், கருத்துகளும் நல்லனவாகவே இருக்கும். ஆயினும் கட்டுரையின் ஓரத்தில் ஆங்கில ஆசிரியரின் குறிப்பொன்று காணப்படும்: கருத்துகள் நன்று, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதே அதன் சாரம். இக்குறிப்பைக் கண்ட பெற்றோர் பிள்ளையை இன்னுமொரு டியூஷன் வகுப்புக்கு அனுப்பத் தீர்மானிக்கின்றனர். சிலரோ, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தி அந்த நேரத்தையும் ஆங்கிலத்துக்கே ஒதுக்கினால் என்ன என்று எண்ணத் தலைப்படுகின்றனர்.

இவ்வெண்ணம் பொருத்தமற்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்மாணவரிடம் உள்ள குறை, கருத்துகளுக்கு இடையே உள்ள உறவைத் தெளிவாக உணர்ந்து அதற்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்காமையே. அவ்வுறவை உணர்த்துவதற்குத் தமிழ் மொழி மிகச் சிறந்த துணையாகும்.

இணைப்புச் சொல் செய்யும் வேலை

பூக்கள் எத்துணை அழகாயினும் நார் இன்றி மாலை ஆவதில்லை. வாக்கியங்களுக்கும் அவ்வாறே ஒரு நார் வேண்டும். தமிழில் ஆகவே, ஆயினும், ஏனெனில், மேலும், இதற்கிடையில் என்பனவும், ஆங்கிலத்தில் தெயர்போர், ஹவெவர், பிகோஸ், மோரோவர், மீன்வைல் என்பனவும் அத்தகையன. இவை தாமாக ஒரு பொருளையோ செயலையோ குறிப்பதில்லை. முன்னே வந்த கருத்துக்கும் பின்னே வரும் கருத்துக்கும் என்ன உறவு என்பதை வாசகனுக்கு அறிவிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டு செய்திகள் உள்ளன. தம்பி சிட்னியில் இருந்தார் என்பது ஒன்று. அண்ணன் மெல்பேர்ணுக்குக் குடிபோனார் என்பது மற்றொன்று. இவற்றை மூன்று வகையாக இணைத்துப் பார்ப்போம்.

தம்பி சிட்னியில் இருந்தபோது அண்ணன் மெல்பேர்ணுக்குக் குடிபோனார்.

தம்பி சிட்னியில் இருந்தும் அண்ணன் மெல்பேர்ணுக்குக் குடிபோனார்.

தம்பி சிட்னியில் இருந்தமையால் அண்ணன் மெல்பேர்ணுக்குக் குடிபோனார்.

முதல் வாக்கியம் காலத்தை மட்டும் கூறுகின்றது. இரண்டாவது, அண்ணனுக்கு மெல்பேர்ணில் ஏதோ முக்கிய அலுவல் இருந்திருக்க வேண்டும் என எண்ண வைக்கின்றது. மூன்றாவதோ சகோதரர் இருவருக்கும் இடையே பெரும் மனத்தாங்கல் என்று ஊரெல்லாம் பேசுவதற்கு இடமளித்து விடுகின்றது! செய்திகள் இரண்டும் மாறவில்லை; இணைப்பு மட்டுமே மாறியது. ஆங்கிலத்தில் இம்மூன்றையும் முறையே வைல், ஓல்தோ, பிகோஸ் என்னும் சொற்கள் உணர்த்தும். சிறு சொற்கள்தானே என்று இவற்றை அலட்சியம் செய்தல் ஆகாது.

நம் முன்னோர் கண்ட இடையியல்

இச்சொற்களின் அருமையை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவது இடையியல் ஆகும். பெயரையும் வினையையும் சார்ந்து நின்று பொருள் தரும் சொற்களுக்கென ஒரு தனி இயலையே வகுத்தனர் என்றால் அவர்கள் அவற்றுக்கு அளித்த மதிப்பை நாம் ஊகித்துக் கொள்ளலாம். பின்வந்த நன்னூலும் இடையியல் ஒன்றைக் கொண்டுள்ளது.

தொல்காப்பியர் 'உம்' என்னும் ஓரிடைச்சொல்லுக்கே எட்டுப் பொருள்களைக் கூறுகின்றார். அவற்றுள் நான்கை மட்டும் இங்கே நோக்குவோம். 'தமிழும் ஆங்கிலமும் கற்றாள்' என்பது எண்ணும்மை; ஆங்கிலத்தில் அண்ட். 'மாலதியும் வந்தாள்' என்பது எச்சவும்மை, வேறு சிலரும் வந்தனர் என்னும் பொருள் அதில் எஞ்சி நிற்கிறது, ஆங்கிலத்தில் ஓல்சோ. 'ஆசிரியருக்கும் விளங்காத கணக்கு' என்பது சிறப்பும்மை, ஆங்கிலத்தில் ஈவன். 'மூவரும் வென்றனர்' என்பது முற்றும்மை. ஆங்கிலத்தில் ஓல் த்ரீ. தமிழில் ஓர் 'உம்' செய்யும் வேலைக்கு ஆங்கிலம் நான்கு சொற்களைத் தேட வேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டைத் தமிழ் வகுப்பில் உணர்ந்த பிள்ளை, ஆங்கிலத்தில் எல்லா இடங்களிலும் அண்ட் என்றே எழுதிச் செல்லாது.

பண்டை ஏட்டுச் சுவடிகளில் இன்று நாம் காணும் நிறுத்தக் குறிகள் இல்லை. ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்குவதை 'ஆதலால்', 'அங்ஙனமாயினும்', 'இனி' போன்ற சொற்களே வாசிப்போனுக்கு உணர்த்தின. அச்சு நூல்கள் பரவிய காலத்தில், ஆங்கிலத்தில் வழங்கிய குறிகளைத் தமிழ் உரைநடையிற் கையாண்ட முன்னோடிகளுள் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 – 1879) தலையாயவர். ஆங்கிலத்தின் நல்ல கருவி ஒன்றைத் தமிழுக்கு வசதியாக்கிய பெருமகனாரின் வழியில், தமிழின் நல்ல கருவியை ஆங்கிலத்துக்கு வசதியாக்க நாம் முயல்வது முறையே.

சிட்னியில் வாழ்ந்த இரு அறிஞர்கள்

இத்துறையில் உலகம் போற்றும் அறிஞர் இருவர் நாம் வாழும் இந்நாட்டிலேயே வாழ்ந்தனர் என்பதைப் பலர் அறியார். ஒருவர் இங்கிலாந்திற் பிறந்த மைக்கேல் ஹாலிடே (1925 – 2018). மற்றவர் பிரிக்கப்படாத இந்தியாவிற் பிறந்த அவருடைய துணைவியார் ருக்கையா ஹசன் (1931 – 2015). ஆங்கிலத்தில் வாக்கியங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து ஒரு முழு எழுத்தாகின்றன என்பதை ஆராய்ந்து இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஹாலிடே சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கும் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். ஹசன் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார்.

அவர்கள் இணைப்புச் சொற்கள் காட்டும் உறவுகளை நான்காக வகுத்தனர். நம் மாணவர் மனத்திற் பதியும் வண்ணம் அவற்றைத் தமிழில் இவ்வாறு தருகின்றோம்:

1. கூட்டல்: முன் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்த்தல். மேலும், அன்றியும், அவ்வாறே. ஆங்கிலத்தில் அண்ட், ஓல்சோ, மோரோவர்.

2. மறுதலை: எதிர்பார்த்ததற்கு மாறானதைக் கூறல். ஆனால், ஆயினும், எனினும். ஆங்கிலத்தில் பட், ஹவெவர், நெவர்தெலெஸ்.

3. காரணம்: ஒன்றால் ஒன்று விளைந்ததைக் கூறல். ஆகவே, எனவே, அதனால். ஆங்கிலத்தில் சோ, தெயர்போர், அஸ் எ ரிசல்ட்.

4. காலம்: ஒன்றன்பின் ஒன்று வருதலைக் கூறல். பின்னர், இதற்கிடையில், இறுதியில். ஆங்கிலத்தில் தென், மீன்வைல், ஃபைனலி.

இவ்வறிஞர்கள் கூறிய இன்னொன்றும் கருத்திற் கொள்ளத்தக்கது. வாக்கியங்களைப் பிணைப்பன இணைப்புச் சொற்கள் மட்டும் அல்ல. அவர், அது, இவை போன்ற சுட்டுச் சொற்களும், முன் வந்த சொல்லையோ அதனோடு தொடர்புடைய சொல்லையோ மீண்டும் ஆளுதலும் அவ்வேலையைச் செய்யும். ஆதலால் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஓர் இணைப்புச் சொல்லைச் சூட்ட வேண்டிய தேவை இல்லை.

தமிழ் வழியும் ஆங்கில வழியும்

மேலே கூறிய சகோதரர் கதையில் இணைப்பு எங்கே இருந்தது என்பதை மீண்டும் நோக்குக. இருந்தபோது, இருந்தும், இருந்தமையால் என வினைச்சொல்லின் வாலிலே அது ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழில் பெரும்பாலும் முதற் பகுதியின் இறுதியில் இணைப்பு வருகிறது. ஆங்கிலத்திலோ அது தனிச் சொல்லாகப் பிரிந்து, பகுதியின் முன்னே போய் நிற்கிறது. நம்மவர் இடர்ப்படும் இடங்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

இலங்கையில் தமிழ் மொழிமூலம் கற்று வளர்ந்த நம் தலைமுறையினர் ஆங்கிலத்தில் எழுதும்போது, வினையின் வாலை மொழிபெயர்க்க மறந்து விடுகின்றனர். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்றால் தமிழருக்கு யாவும் விளங்கும். 'பெய்து' என்னும் எச்சம் காலத்தையும் காரணத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. இதனை ஆங்கிலத்தில் வெறும் அண்ட் கொண்டு இணைத்தால், மழை பெய்தது, குளமும் நிறைந்தது என்று இரு செய்திகள் தனித்தனியே நிற்கும். எழுதுபவர் அங்கே நின்று, இது காலமா காரணமா என்று தம்மையே வினவி, உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ இதன் மறுபக்கம் நேர்கின்றது. அவர்கள் தமிழில் எழுதும்போது, 'நான் எழும்பினேன். பிறகு நான் சாப்பிட்டேன். பிறகு நான் பாடசாலைக்குப் போனேன்' எனத் துண்டு துண்டாக எழுதுகின்றனர். 'எழும்பிச் சாப்பிட்டுப் பாடசாலைக்குப் போனேன்' என்று கோத்தெழுதப் பழக்குவது தமிழாசிரியரின் கடமை. அப்பழக்கம் கைவந்த பிள்ளை, எந்தச் செயல் முதன்மையானது, எது அதனைச் சார்ந்தது என்பதை உணர்கிறது. அவ்வுணர்வு ஆங்கிலத்திலும் அப்பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

மாணவர் வழுக்கும் இடங்கள்

மாணவச் செல்வங்களே, பின்வரும் பந்தியை வாசித்துப் பாருங்கள். பாடசாலைக் கன்ரீனிற் குளிர்பானம் விற்கலாமா என்பது பொருள்.

'முதலாவதாக, குளிர்பானத்திற் சர்க்கரை மிகுதி. மேலும், பற்கள் கெடும். மறுபுறம், விலை கூட. ஆகவே, பிள்ளைகள் அதையே விரும்புகின்றனர். முடிவாக, அதை விற்கக் கூடாது.'

ஐந்து வாக்கியங்களுக்கு ஐந்து இணைப்புச் சொற்கள்! ஆயினும் ஒன்றேனும் தன் கடமையைச் செய்யவில்லை. 'முதலாவதாக' என்றவர் 'இரண்டாவதாக' என்று எதையும் கூறவில்லை. பற்கள் கெடுவது சர்க்கரையின் விளைவு. அங்கே 'மேலும்' பொருந்தாது. விலை கூட என்பதும் குளிர்பானத்துக்கு எதிரான கருத்தே. அதற்கு 'மறுபுறம்' எதற்கு? விலை கூடியதால் பிள்ளைகள் விரும்புகின்றனரா? 'ஆகவே' அங்கே பொய் சொல்கிறது. இனித் திருத்திய வடிவத்தைக் காண்க.

'குளிர்பானத்திற் சர்க்கரை மிகுதி. அதனால் பற்கள் கெடும். மேலும், அதன் விலையும் கூட. ஆயினும் பிள்ளைகள் அதையே விரும்புகின்றனர். எனவே முடிவைப் பிள்ளைகளிடம் விடாது பாடசாலையே எடுத்தல் வேண்டும்.'

இணைப்புச் சொற்கள் குறைந்தன, வாதம் வலுப்பெற்றது. இணைப்புகள் சரியாக அமைந்தவுடன் இறுதி வாக்கியத்தில் ஒரு புதுக் கருத்தும் தானாகவே பிறந்துவிட்டது. பிள்ளைகள் விரும்புகின்றனர் என்பதை 'ஆயினும்' என்று ஒப்புக்கொண்டமையாலேயே, அதற்கு விடை கூற வேண்டிய தேவை எழுந்தது. சரியான இணைப்புச் சொல் எழுதுபவரைச் சிந்திக்கவும் வைக்கிறது.

இன்னும் மூன்று வழுக்களைச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஒன்று: ஹவெவர், தெயர்போர் என்பன பட், சோ என்பவற்றைப் போன்றன அல்ல. பட் இரு வாக்கியங்களை ஒன்றாகக் கட்ட வல்லது. அதன் முன் காற்புள்ளி போதும். ஹவெவர் இரு வாக்கியங்களை இணைத்துக் கட்டாது. அதன் முன்னே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இடுதல் வேண்டும். அது வாக்கியத்தின் தலையில் நின்றால் அதன் பின்னே காற்புள்ளி இட வேண்டும்.

இரண்டு: ஒரு மூட்டுக்கு ஓர் ஆணியே போதும். ஓல்தோ என்று தொடங்கியவர் நடுவில் பட் என்றும் எழுதுவது இரண்டு ஆணி அடிப்பதாகும். பிகோஸ் என்று தொடங்கி நடுவில் சோ என்று எழுதுவதும் அத்தகையதே.

மூன்று: ஃபோர் எக்சாம்பிள் என்று எழுதிய பின் வருவது மெய்யாகவே ஓர் எடுத்துக்காட்டாக இருத்தல் வேண்டும். முன் சொன்னதையே வேறு சொற்களிற் கூறுவது எடுத்துக்காட்டு ஆகாது.

தேர்வுகள் கேட்பது என்ன?

2008ஆம் ஆண்டு முதல் 3, 5, 7, 9ஆம் ஆண்டு மாணவர்கள் எழுதிவரும் நாப்லன் தேர்வில், எழுத்துப் பகுதி பத்து அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் ஒன்று இப்பிணைப்பே. அதற்கு 4 புள்ளிகள் உண்டு. பந்தியமைப்பும் வாக்கிய அமைப்பும் வேறு அளவுகோல்கள் எனினும், இணைப்பை அறியாதவர் அவற்றிலும் புள்ளிகளை இழக்கவே செய்வர். பெரியோர் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்துப் பகுதியிலும் நான்கு அளவுகோல்களுள் ஒன்று ஒழுங்கும் பிணைப்பும் பற்றியது. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பெய்தலும் அங்கே குறையாகவே கொள்ளப்படும். மிக உயர்ந்த எழுத்திற் பிணைப்பு இருப்பதே வாசகரின் கண்ணிற் படாது என்பது தேர்வாளர் கொள்கை. மாலையில் நார் வெளியே தெரியலாகாது என்று நம் ஊரிற் பூக்கட்டும் பெண்கள் கூறுவதும் இதுவன்றோ!

புள்ளிகளுக்கு அப்பால்

இங்குள்ள பெற்றோருட் பலர் நம்மைப் போலவே அகதிகளாக இந்நாட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் அறிந்த ஓர் உண்மையைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நன்று.

அகதிகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1951இல் உருவானது. அவுஸ்திரேலியா 1954இல் அதில் இணைந்தது. இனம், சமயம், தேசியம், குறித்த ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தினால் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி என்பது அதன் வரைவிலக்கணத்தின் சாரம். அதில் 'காரணமாக' என்றும் 'அச்சத்தினால்' என்றும் வரும் இரு இணைப்புகளை நோக்குக. ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதோடு, அது எதன் காரணமாக நேர்ந்தது என்பதையும் சட்டம் கேட்கிறது. ஒரு குடும்பத்தின் வாழ்வே அச்சிறு சொற்களில் தொங்குகிறது.

நம்மவர் தம் வாக்குமூலத்தைக் கூறும் முறை எவ்வாறு? 'படையினர் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பின்னர் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டோம்.' தமிழ் கேட்பவருக்கு இதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது ஆங்கிலமாகும்போது ஆஃப்டர் தட் என்று மட்டும் எழுதப்பட்டால், வாசிக்கும் அதிகாரிக்கு அது கால வரிசை மட்டுமே. விசாரணையினாலேயே வெளிக்கிட்டார்கள் என்பதும், எதன் காரணமாக விசாரிக்கப்பட்டார்கள் என்பதும் தாளில் இராது. வலி முழுவதும் நெஞ்சில் இருக்க, அதன் காரணம் இரு வாக்கியங்களுக்கு நடுவே காணாமற் போய்விடும்.

ஆதலால் இத்தகைய பத்திரங்களை எழுதுவோர் முதலில் தமிழிலேயே, 'அதனால்', 'அப்போது', 'இருந்தும்' என்னும் இணைப்புகளை வெளிப்படையாக இட்டு எழுதிக் கொள்வது நல்லது. மொழிபெயர்ப்பை, 1977இல் நிறுவப்பட்ட நாட்டி அமைப்பின் தகுதிச் சான்று பெற்றவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கையொப்பம் இடுமுன் அம்மொழிபெயர்ப்பைத் தமிழில் மீண்டும் வாசித்துக் காட்டும்படி கேட்டல் வேண்டும். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. காலம் மட்டுமே தொடர்பாக இருந்த இடத்திற் காரணத்தைப் புகுத்தலாகாது. இல்லாத உறவை ஒட்டும் சொல்லும் பொய்யே. அது உண்மையான மற்ற வாக்கியங்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

வீட்டிற் செய்யத்தக்க பயிற்சிகள்

முதலாவது பயிற்சி: மாணவர் தம் ஆங்கிலக் கட்டுரையில் உள்ள இணைப்புச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் கூட்டல், மறுதலை, காரணம், காலம் என்பவற்றுள் உரியதைத் தமிழில் எழுதுக. எழுத இயலாத இடத்தில் அச்சொல் அலங்காரத்துக்காக வந்தது எனக் கொண்டு நீக்குக.

இரண்டாவது பயிற்சி: பெற்றோர் செய்தித்தாளின் ஒரு பந்தியில் இணைப்புச் சொற்களை மறைத்து, பிள்ளை அவற்றை ஊகிக்கும்படி கேட்கலாம். பிள்ளை வேறு சொல்லைக் கூறினால் உடனே பிழை என்று கூறாது, பொருள் எவ்வாறு மாறுகிறது என்று இருவரும் ஆராய்தல் நன்று.

மூன்றாவது பயிற்சி மிக எளியது. இரவு உணவின்போது பிள்ளை பாடசாலைச் செய்தி ஒன்றைக் கூறும்போது, 'ஏன் அப்படி?', 'அதனால் என்ன நடந்தது?', 'அப்படி இருந்தும் நீ என்ன செய்தாய்?' என்று தமிழிலே கேளுங்கள். அம்மாவோ அப்பாவோ அம்மம்மாவோ கேட்கும் இக்கேள்விகளுக்கு விடை கூறிப் பழகிய பிள்ளை, வெள்ளைத் தாளின் முன் அமர்ந்திருக்கும்போதும் அக்கேள்விகளைத் தன்னுள்ளே கேட்கும். ஆங்கிலம் அறியாத பாட்டியும் தன் பேரப்பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரைக்கு இவ்வாறு துணைசெய்யலாம்.

காரணத்தையும் விளைவையும், உடன்பாட்டையும் மறுதலையையும் பிரித்தறியும் அறிவு எந்த ஒரு மொழிக்கும் உரியதன்று. அதை ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற பிள்ளை மற்ற மொழியில் அதற்குரிய சொற்களைத் தேடிக்கொள்ளும். ஆகவே, ஆங்கிலம் செழிக்க வேண்டுமென்று தமிழ் வகுப்பை நிறுத்த எண்ணும் பெற்றோர் தம் எண்ணத்தை மீள நோக்குவார்களாக. பிள்ளைகளே, தமிழில் கோத்தெழுதப் பழகுங்கள். ஆங்கிலத்திலும் உங்கள் கருத்துகள் ஒன்றையொன்று கைபிடித்து நடக்கும்.